4294967297 பகா எண்ணா? பெரிய எண்ணை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 கிடைக்கும். பெரிய எண்களை வகைப்படுத்துவதில் நேரும் தவறுகள் பலவற்றை இந்த ஓர் எண்ணிலேயே காணலாம்.

முதல் தவறு, வரிசையை நம்புவது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களே. அடுத்து வருவனவும் அவ்வாறே இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மாவே நம்பினார். ஆனால் நம் எண் 641 × 6700417 என்பதை 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார்.

சிறிய எண்கள் சிலவற்றால் வகுத்துப் பார்த்து நிறுத்திவிடுவதும் தவறு. இலக்கங்களின் கூடுதல் 59 என்பதால் 3 வகுக்காது என்று மட்டுமே தெரிகிறது. மாறாக, எண்ணின் பாதி வரை வகுத்துக்கொண்டே போவது வீண் உழைப்பு. வர்க்கமூலமான ஏறத்தாழ 65536 வரை சோதித்தால் போதும். அதிலும், இதன் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பதை அறிந்தவர் 193, 257, 449, 577 ஆகியவற்றைக் கடந்து ஐந்தாவது முயற்சியிலேயே 641-ஐ அடைந்துவிடுவார்.

என் கணிப்பில் மிகவும் ஏமாற்றுவது, 2-ஐ அடிமானமாகக் கொண்ட பெர்மா சோதனையை மட்டும் நம்புவதுதான். ஓர் ஒற்றை எண் பகா எண் என்றால், அதைவிட 1 குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்பதே இச்சோதனை. 2-இன் 32-ஆம் அடுக்கு நம் எண்ணைவிட 1 குறைவு என்பதால் அதை நம் எண்ணால் வகுக்கும்போது வரும் மீதியை −1 என்று கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்கின் மீதி 1 ஆகிறது. நம் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 64-இன் மடங்கு என்பதால், அந்த அடுக்குக்கும் மீதி 1-தான். இவ்வாறு சோதனையில் தேறியும் பகு எண்ணாகவே இருப்பதைப் போலிப் பகா எண் என்பர். அடிமானத்தை 3 என்று மாற்றினால் மீதி 1 வருவதில்லை, குட்டு உடைந்துவிடுகிறது.

4-ஆல் வகுத்தால் மீதி 1, 65536² + 1² என்று இரு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுதலாம், ஆகவே பகா எண் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. பகா எண்ணை அவ்வாறு ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்த எண் 62264² + 20449² என்றும் அமைகிறது. காரணி எதையும் அறியாமலேயே இது பகு எண் என்று நிறுவ இந்த அழகிய சமன்பாடு ஒன்றே போதும்.

641 கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. 6700417-ஐயும் சோதித்தாக வேண்டும். அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குகிறது. அதன் பகாக் காரணிகள் நம் எண்ணுக்கும் காரணிகளே; அவை உண்மையில் 64-க்கு மட்டுமல்ல, 128-இன் மடங்கைவிடவும் 1 கூடுதலானவை என்பதால், அந்த எல்லைக்குள் சோதிக்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து பகா எண்கள் மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூச்சியமில்லை என்பதால் 6700417 பகா எண். 4294967297-க்கு வகுஎண்கள் சரியாக நான்கு.