ஏற்றம் எங்கே வருகிறது? புதியவரோடு நீலகிரியில் சைக்கிள் ஓட்டத் தடம் தேர்ந்தெடுக்கையில் நேரும் தவறுகள்

“பதினைந்து கிலோமீட்டர்தான், ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம்.” மலைச் சைக்கிளில் பழகியவர்கள் புதிதாக ஓட்டும் மனைவியையோ தம்பியையோ நண்பரையோ அழைக்கும்போது இப்படித்தான் சொல்கிறார்கள். சமவெளியில் இந்தக் கணக்கு சரிப்படும். நீலகிரியில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்பது. அந்த ஏற்றம் ஓட்டத்தின் தொடக்கத்தில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பது அடுத்தது. தூரத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதியவர் 100 மீட்டர் உயரம் ஏற, மூச்சு வாங்க நிற்பதையும் சேர்த்து, 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். முதல் ஓட்டத்துக்கு மொத்த ஏற்றம் 250 அல்லது 300 மீட்டர் போதும். அதற்குள் 12 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல தடம்.

சராசரிச் சரிவை நம்புவது

தடம் காட்டும் செயலியில் ‘சராசரிச் சரிவு 3%’ என்று பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். நடுவில் 300 மீட்டருக்கு 13% செங்குத்து ஒன்று ஒளிந்திருக்கும். தடத்தின் உயர வரைபடத்தில் மிகச் செங்குத்தான துண்டைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் அளந்து பாருங்கள். 500 மீட்டர் தூரத்தில் 40 மீட்டர் உயர்ந்தால் 8%.

இந்த 8% எப்படிப்பட்டது என்பதற்கு நம் மலை ரயிலே சாட்சி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி, அதாவது எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் போட்டு, பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு ஏறுகிறது ரயில். குன்னூருக்கு மேல் ஊட்டி வரை அது தேவைப்படுவதில்லை. புதியவரின் எல்லையையும் அங்கேயே வையுங்கள்: எட்டுக்கு மேல் வந்தால் இறங்கித் தள்ள வேண்டிய இடம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்துத் தள்ளினால் யாருக்கும் மனம் சுருங்காது.

ஊரிலிருந்து இறங்கித் தொடங்குவது

மற்ற தவறுகளைவிட இதுதான் ஆட்களைச் சைக்கிளிலிருந்தே விரட்டிவிடுகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். தங்கும் இடம் பெரும்பாலும் மேட்டில். அழகான தோட்டப் பாதைகளும் கிராமச் சாலைகளும் கீழே. காலையில் ஜிலுஜிலுவென்று இறங்கிவிடலாம். பகல் பன்னிரண்டு மணிக்கு, தொடை தளர்ந்து, தண்ணீரும் தீர்ந்த பிறகு, இறங்கிய உயரம் முழுவதையும் திரும்ப ஏற வேண்டும். பழகியவருக்கு அது வெறும் அலுப்பு. புதியவர் அங்கே உட்கார்ந்துவிடுவார்.

வழி எளிது. கேத்திப் பள்ளத்தாக்கில் ஓட்ட வேண்டுமானால் சைக்கிள்களைப் பிக்கப்பில் ஏற்றிக் கேத்தியில் இறக்குங்கள். ஏற்றத்தை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, திரும்பும் வழி இறக்கமாக அமையும்படி தடத்தைத் திருப்புங்கள். அது முடியாவிட்டால் ஒருவழி ஓட்டமாக வைத்து, முடியும் இடத்துக்கு வண்டியை வரச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து இரவு பயணத்தில் வந்தவரை அன்று காலையே ஏற்றக் கூடாது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஒரு நாள் நடந்து பழகட்டும்.

இறக்கம் சுலபம் என்று நினைப்பது

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். “மிதிக்கவே வேண்டாம்” என்று அங்கே கூட்டிப்போக நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். புதியவருக்கு இறக்கத்தில் முதலில் தோற்பது கை. பயத்தில் நான்கு விரலாலும் பிரேக்கை விடாமல் பிடிப்பார். பத்து நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். பிரேக்கும் சூடாகி, பிடி இளகும்.

கிளம்புமுன் சைக்கிளை நிறுத்திவைத்தே மூன்று காரியம் செய்யுங்கள். முன்சக்கர பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பதை அவரே அழுத்திப் பார்த்துச் சொல்லட்டும். வாடகைச் சைக்கிள்களில் இது ஒன்றுக்கொன்று மாறும். பிரேக் பிடி அவர் விரலுக்கு எட்டுகிறதா பாருங்கள். சிறிய கை உள்ளவர்களுக்கு ஆள்காட்டி விரலின் நுனிதான் தொடும், அதில் பலம் கிடைக்காது. பெரும்பாலான பிடிகளில் இதற்கென ஒரு சிறு திருகு உண்டு, ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) திருகினால் பிடி உள்ளே வரும். மூன்றாவது, காற்று. வாடகைச் சைக்கிள்களில் கல்லாட்டம் அடித்துவைத்திருப்பார்கள். 2.2 அங்குல டயர், ட்யூப் உள்ளது, ஓட்டுபவர் 60 கிலோ என்றால் பின்னால் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் 28 போதும். இறக்கம் தொடங்கும் இடத்தில் சீட்டை நாலைந்து சென்டிமீட்டர் இறக்கிவிடுங்கள்.

கியருக்கும் ஒரு சோதனை: முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பற்கள் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாத சைக்கிளில் புதியவரை மேட்டில் விடாதீர்கள்.

தரையைப் பார்க்காமல் முடிவு செய்வது

காய்ந்த செம்மண்ணில் நன்றாக ஓடும் தோட்டப் பாதை ஒரு மழைக்குப் பின் சோப்புக்கட்டி. சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புகளில் உதிர்ந்த இலை ஈரத்தை மூடிக்கிடக்கும். நிழலான சிமென்ட் பாதையில் பாசி. குறுக்கே ஓடும் வாய்க்காலைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் உள்ளே சிக்கும், நேராகத்தான் கடக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும். அக்டோபர், நவம்பரில் மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் திரும்பும். ஆகவே மாதத்துக்கு ஏற்பத் திசையை மாற்றுங்கள். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம், கேட்டுவிட்டே நுழையுங்கள். சோலைக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போவது குற்றம்.

விடியற்காலையில் கிளம்புவது

சமவெளிக்காரரின் பழக்கம் இது. இங்கே விடியலிலும் அந்தியிலும் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் நடமாடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி வேறு. எட்டு மணிக்குக் கிளம்பி, மூடுபனி இறங்குமுன் மூன்று மணிக்குள் முடியுங்கள். காட்டெருமை பாதையில் நின்றால் நின்றுவிடுங்கள். மணி அடிக்கவோ ஒதுங்கிக் கடக்கவோ வேண்டாம். அது தானே விலகும்.

முன்னால் போய்க் காத்திருப்பது

நீங்கள் மேட்டின் உச்சியில் ஐந்து நிமிடம் இளைப்பாறுகிறீர்கள். அவர் முகம் சிவந்து வந்து சேர்கிறார். “வந்தாச்சா, போலாமா?” என்று நீங்கள் மிதிக்கத் தொடங்குகிறீர்கள். கூடுதல் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை. ஏற்றத்தில் அவரை முன்னால் விட்டு, வேகத்தை அவரே வைக்கட்டும். இறக்கத்தில் நீங்கள் முன்னால் போய், ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கண்ணில் படும்படி நில்லுங்கள். கொண்டை ஊசியில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பும். அது கடக்கும்வரை வளைவுக்கு வெளியிலேயே இருவரும் நிற்க வேண்டும்.

“முடியுமா?” என்று கேட்டால் “முடியும்” என்றுதான் பதில் வரும். ஏதாவது பேச்சுக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியம் மூச்சு முட்டாமல் வந்தால் சரி. ரெண்டு ரெண்டு சொல்லாக வந்தால் வேகம் அதிகம். மணிக்கு அரை லிட்டராவது தண்ணீர், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கடலை மிட்டாய். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டு பாட்டிலை நிரப்பிக்கொண்டு போங்கள்.

பாதியில் விலக வழி வைக்காமல் போவது

தடத்தில் நாலு கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது வண்டி வரும் சாலை தொட வேண்டும். பள்ளத்தில் செல்பேசி சிக்னல் போய்விடும். அதனால் பிக்கப் ஓட்டுநரிடம் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே பேசிவிடுங்கள். வண்டியில் ஏற்ற முன்சக்கரத்தைக் கழற்றினால், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பிரேக் பிடியை யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் சக்கரத்தின் வட்டைக் கவ்வும் இரு பேடுகளும் ஒட்டிக்கொண்டு, சக்கரம் திரும்ப நுழையாது. மடித்த அட்டைத் துண்டு ஒன்றை அவற்றின் நடுவே செருகிவிட்டால் போதும்.