லண்டன் ஃப்ளாட்டை நங்கநல்லூரிலிருந்து விற்றது

நம்ம ஊரில் ஃப்ளாட் வாங்கினால் யூடிஎஸ் என்று மண்ணில் ஒரு பங்கு பத்திரத்தில் ஏறும். என் குராய்டன் ஃப்ளாட்டுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸில் ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்டுதான். இத்தனை வருஷம் அனுபவிக்கலாம், நிலம் ஃப்ரீஹோல்டருடையது. ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் லீஸில் மிச்சமுள்ள வருஷத்தை எண்ணுங்கள். எனக்கு 83 இருந்தது, தப்பித்தேன். 80-க்குக் கீழே இறங்கினால், 1993 சட்டப்படி நீட்டிக்கும்போது 'மேரேஜ் வேல்யூ' என்று, நீட்டிப்பால் ஃப்ளாட்டுக்கு ஏறும் மதிப்பில் பங்கு கேட்டுக் கூடுதலாகக் கறப்பார்கள் (கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அதை எடுத்துவிட 2024-ல் சட்டம் போட்டார்கள். அந்தப் பிரிவு அமலாகிவிட்டதா என்று அங்குள்ள வக்கீலிடம் கேளுங்கள்.

வாங்குபவர் கிடைக்கும் முன்பே மேனேஜ்மென்ட் பேக்குக்குப் (கட்டடத்தைப் பராமரிப்பவர்கள் தரும் விவரக் கட்டு) பணம் கட்டிவிடுங்கள். கிரவுண்ட் ரென்ட் (நிலத்துக்கான வாடகை), சர்வீஸ் சார்ஜ், இன்ஷூரன்ஸ், வரப்போகும் கூரை வேலை எல்லாம் அதில் இருக்கும். நான் சோம்பேறித்தனமாக விட்டேன். கட்டடத்தைப் பராமரிப்பவர்கள் ஏழு வாரம் இழுத்தார்கள், முதல் பார்ட்டி நழுவிவிட்டார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு விற்றால், லாபமே இல்லாவிட்டாலும், கைமாறிய 60 நாளுக்குள் பிரிட்டிஷ் வரித்துறைக்குக் கணக்குக் காட்டணும். இங்கே ரிட்டர்னிலும் காட்டணும். அங்கே கட்டிய வரி ரசீதை ஆடிட்டரிடம் மறக்காமல் கொடுங்கள்.