தொட்டி மீனின் குரலைக் கேட்பது எப்படி?

கெடிலம் ஆற்றில் தூண்டில் போட்டவர்களிடம் மீன் ஊமை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தூண்டிலிலிருந்து கழற்றும்போது கெளுத்தி கீச்சிடுவதைக் கேட்டிருப்பார்கள். மார்புத் துடுப்பின் முள்ளை அதன் மூட்டுக் குழியில் உரசி எழுப்பும் சத்தம் அது. நம் தொட்டியில் இருக்கும் கோரி கேட்ஃபிஷ்ஷுக்கும் அதே முள், அதே வித்தைதான். ஆனால் தண்ணீருக்குள் எழும் சத்தம் மேற்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. தப்பி வெளியே வருவதை ஏர் மோட்டாரும் ஃபேனும் அமுக்கிவிடுகின்றன.

அதனால் முதல் வேலை, வீட்டை அடக்குவது. ராத்திரி ஊர் ஓய்ந்த பிறகு உட்காருங்கள். கரண்ட் போன நேரம் என்றால் இன்னும் நல்லது, ஃபிரிட்ஜ் இரைச்சலும் அடங்கியிருக்கும். தொட்டியில் கூட்டம் அதிகமில்லை என்றால் மோட்டாரைக் கால் மணி நேரம் நிறுத்துவதால் கெடுதல் இல்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மட்டும் உடனே போட்டுவிடுங்கள். மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், நிறுத்தியதும் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே புகுந்துவிடும். முன்னதாகவே அதைத் தொட்டிக்கு மேலே தூக்கி வையுங்கள்.

இப்போது காதைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். மேலே 'ப்ளக்' என்று கேட்டால், ஃபைட்டரோ குராமியோ காற்றுக் குடிக்கிறது. கீழே கலகலத்தால், கோல்ட்ஃபிஷ் கல்லை வாயில் எடுத்துத் துப்புகிறது. இவை பேச்சில் சேராது. கிளவுன் லோச் வைத்திருப்பவர்கள் தீனி போடும் நேரத்தில் கவனிக்கலாம். 'டிக், டிக்' என்று அது போடும் சத்தம் பல நேரம் காது வைக்காமலே கேட்கும்.

சத்தத்துக்காகவே ஒரு மீன் வாங்குவதென்றால் குரோக்கிங் குராமியைத்தான் சொல்வேன். விரல் நீளம்கூட வராது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். இரண்டு ஆண் மீன்கள் மோதும்போது பாருங்கள்: ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால் இருக்கும்படி அருகருகே நின்று, மார்புத் துடுப்புகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் படபடவென்று அடிக்கும். துடுப்பிலுள்ள தடித்த தசைநாண் அடுத்திருக்கும் எலும்பின் மேட்டில் இழுபட்டுச் சட்டென்று விடுபடும், வீணைத் தந்தியைச் சுண்டுவதுபோல. 'கர்ர், கர்ர்' என்று நாற்காலியில் இருந்தபடியே கேட்கலாம். முட்டையிடும் முன் பெண் மீன் மெல்ல உறுமும். அதற்குக் காது வைத்தே ஆகவேண்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவன் நான். காதோடு நிறுத்த மனமில்லாதவர்களுக்கு ஒரு மைக் சொல்லித் தருகிறேன். பழைய பஸ்ஸரிலிருந்து 27 மி.மீ. பைசோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் வட்டத் தகடு) எடுங்கள். ஷீல்டு வயரின் வெளிப் பின்னலைப் பித்தளைப் பகுதியிலும், உள் கம்பியை நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியிலும் பற்றவையுங்கள். வெள்ளைப் பகுதியில் சால்டரிங் அயர்னைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும், சூடு கூடினால் பூச்சு உரிந்துவிடும். பிறகு, பற்றவைத்த இடங்கள் உட்படத் தகடு முழுவதையும் அரால்டைட்டால் மூடி ஒரு நாள் காயவிடுங்கள். மறுமுனையை பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபையரில் சேர்த்து, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தகடைத் தண்ணீரில் இறக்குங்கள். கரண்டில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் வேண்டவே வேண்டாம். கரண்டால் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரிய விஷயமில்லை, தண்ணீரில் இறங்கும் வயர் உயிர் விஷயம்.

கேட்டு முடித்தபின் வால்யூமைக் குறைத்து, ஹெட்ஃபோனைக் கழற்றாமலே மோட்டாரைப் போடுங்கள். அந்த இரைச்சலுக்குள்தான் உங்கள் மீன் நாள் முழுக்க இருக்கிறது. கோல்ட்ஃபிஷ், லோச், கோரி ஆகியவற்றுக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் கோத்திருக்கும். ஜெர்மானிய உடற்கூறியலாளர் வெபர் 1820-இல் விவரித்தவை இவை. மற்ற பல மீன்களைவிட இவற்றுக்குக் காது கூர்மை. மோட்டாரைத் தொட்டி ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தனியாக, தடித்த ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள். குழாய் கண்ணாடியில் உரசாமல் பாருங்கள். எவ்வளவு குறைந்தது என்று ஹெட்ஃபோனிலேயே தெரியும்.