ஒரு நாளைக்கு 5 சொல், சுவரில் ஒரு கலண்டர்

வீட்டில் பிள்ளைக்குப் பாடமாக்கக் கொடுக்கும்போது நான் செய்த முதல் பிழை, ஒரே மூச்சில் நிறையக் கொடுத்ததுதான். இலங்கை மலையகத்து ஹட்டனில் மழை விடாத ஒரு மாலை, மகளுக்கு 30 சிங்களச் சொற்கள். மறுநாள் காலை ரொட்டி சாப்பிடும்போது கேட்டால் 6 தான் மிஞ்சியிருந்தது.

இப்போது ஒரு நாளைக்கு 5 சொல். அதையே மறுநாள், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் பதினைந்தாம் நாள் கேட்கிறேன். படித்த முதல் நாளிலேயே மறதி வேகமாக நடக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார். அதனால் எதை விட்டாலும் மறுநாள் கேள்வியை விடாதீர்கள்.

கணக்கு வைக்கத் தனிக் கொப்பி வேண்டாம். சுவர்க் கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் இரண்டு எண்: சரியாகச் சொன்னது, கேட்டது. 9/12 மாதிரி. திணறித் திணறிச் சொன்னதைப் பிழையாகவே எண்ணுகிறேன் (மகளுக்கு இதில் இன்னும் கோபம்). பத்துக்கு எட்டு தேறாவிட்டால் மறுநாள் புதுச் சொல் கிடையாது, பழையதுதான்.

கொழுந்தெடுத்துவிட்டுக் களைத்து வரும் அம்மாவுக்கும் இது முடியும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம் போதும். கொப்பியை மூடிவைத்துக் கேளுங்கள். இன்று "வத்துர என்றால் என்ன?" என்று கேட்டால், நாளை "தண்ணீருக்குச் சிங்களத்தில் என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாவதில்தான் பிள்ளை மாட்டும்.