கிரேடில் மல்டி புராஜெக்ட் பில்ட்: ஃபோல்டர் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை கம்பைல் செய்து பேக் செய்யும் கருவி கிரேடில்; அந்த வேலைதான் பில்ட். ஒருவர் மெஷினில் ஒழுங்காக ஓடும் பில்ட் இன்னொருவர் மெஷினில் உடைகிறதா? பில்ட் ஸ்கிரிப்டைக் கிளறுவதற்கு முன் ஃபோல்டர்களைப் பாருங்கள். கிரேடிலில் ஒரு புராஜெக்டின் பெயர், டாஸ்க்கின் (பில்டின் ஒரு வேலை) பாதை, ஜார் ஃபைலின் (கம்பைல் ஆன கோடின் தொகுப்பு) பெயர் எல்லாம் பெரும்பாலும் ஃபோல்டரிலிருந்தே வருகின்றன. அங்கே செய்த பிழை வேறெங்கோ, புரியாத எரராக முளைக்கும்.

முதலில் செட்டிங்ஸ் ஃபைல்: பில்டில் எந்தெந்தப் புராஜெக்டுகள் உண்டு என்று சொல்வது. ஒரு பில்டுக்கு அது ஒன்றே ஒன்றுதான், ரூட்டில். ஒரு சப் புராஜெக்டைத் தனியாக ஓட்டிப் பார்க்க நினைத்து அதற்குள்ளும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலைப் போட்டுவிடுகிறார்கள். கிரேடில் நாம் நிற்கும் ஃபோல்டரில் தொடங்கி மேல்நோக்கித் தேடும். முதலில் கண்ணில் படுவதையே ரூட் என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் புராஜெக்டுகள் அதற்குத் தெரியாது, ‘அந்தப் பாதையில் புராஜெக்ட் இல்லை’ என்று நின்றுவிடும். உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, ரூட்டிலிருந்து :சர்வீசஸ்:பில்லிங்:பில்ட் என்று முழுப் பாதை கொடுத்து ஓட்டினால் போதும். அதே ஃபைலில் ரூட் புராஜெக்டின் பெயரையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ரிப்போவை குளோன் செய்த ஃபோல்டரின் பெயரே புராஜெக்ட் பெயராகிவிடும். பில்டைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் அது வேறாக இருக்கலாம்.

செட்டிங்ஸ் ஃபைலில் சர்வீசஸ்:பில்லிங் என்று இன்க்ளூட் செய்தால் நடுவில் இருக்கும் ‘சர்வீசஸ்’ஸும் ஒரு புராஜெக்டாகிவிடும். ரூட்டில் ‘சப்புராஜெக்ட்ஸ்’ பிளாக் வழியாக எல்லாவற்றுக்கும் ஜாவா ப்ளகின் போட்டிருந்தால் கோடே இல்லாத அதற்கும் ஒரு காலி ஜார் உருவாகும். இரண்டு அடுக்குக்கு மேல் ஆழம் போகாமல் இருப்பதே நல்லது.

அதிகம் சிரமம் தருவது ஒரே பெயர்தான். ஆர்டர்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ‘ஏபிஐ’, பில்லிங்குக்குள் இன்னொரு ‘ஏபிஐ’. குரூப்பை (புராஜெக்ட் பெயருடன் சேர்ந்து அதை அடையாளம் காட்டுவது) நாம் தொடாதவரை கிரேடில் அதைப் பாதையிலிருந்து எடுப்பதால் இரண்டும் வேறுபட்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே குரூப் என்று எழுதிய கணத்தில் குரூப், பெயர், வெர்ஷன் மூன்றும் ஒன்றாகிவிடும். டிபென்டென்சி கணக்கிடும்போது ஒன்று மற்றதன் இடத்தில் உட்கார்ந்துவிடக்கூடும். எல்லா ஜார்களையும் ஒன்றாகத் திரட்டி டிஸ்ட்ரிபியூஷன் செய்யும்போதும் லிப் ஃபோல்டருக்கு ‘ஏபிஐ-1.0.ஜார்’ இரண்டு வரும். கிரேடில் 7 முதல் இதற்கு பில்ட் தோற்கும். எரரை அடக்க, டூப்ளிகேட்டை விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பது பலரும் செய்யும் வேலை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: உங்களுக்கு வேண்டிய ஜார் ஒன்று சத்தமில்லாமல் விழுந்துவிடும், ரன் ஆகும்போதுதான் கிளாஸ் காணவில்லை என்று தெரியும். ‘ஆர்டர்ஸ்-ஏபிஐ’, ‘பில்லிங்-ஏபிஐ’ என்று ஃபோல்டர் பெயரையே மாற்றுவதுதான் சரியான தீர்வு.

அடுத்து ‘பில்ட்எஸ்ஆர்சி’: பில்ட் ஸ்கிரிப்டுகளுக்கான பொதுக் கோடை வைக்க கிரேடில் ரூட்டில் தரும் சிறப்பு ஃபோல்டர். லைப்ரரி வெர்ஷன் எண்களை இதற்குள் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதன் கிளாஸ்பாத் (இதில் கம்பைல் ஆன கோட்) எல்லா பில்ட் ஸ்கிரிப்டுக்கும் போகிறது. அதனால் ஒரு எண்ணை மாற்றினாலும் மொத்த பில்டும் பழையதாகக் கருதப்படும். எண்களை ரூட்டின் ‘கிரேடில்’ ஃபோல்டரில் ‘லிப்ஸ்.வெர்ஷன்ஸ்.டாம்ல்’ ஃபைலுக்கு மாற்றுங்கள். கிரேடில் தானே அதைப் படித்துக்கொள்ளும். பொதுவான பில்ட் லாஜிக்கை ‘பில்ட்-லாஜிக்’ என்ற தனி இன்க்ளூடட் பில்டில் (முதன்மை பில்டுடன் இணைக்கும் வேறொரு பில்ட்) கன்வென்ஷன் ப்ளகின்களாக (பொது அமைப்புகளைத் தொகுத்த ப்ளகின்கள்) எழுதி, செட்டிங்ஸ் ஃபைலின் ப்ளகின் மேனேஜ்மென்ட் பிளாக்கில் சேருங்கள். எந்தப் புராஜெக்டுக்கு எது வேண்டுமோ அதை அது கேட்டு வாங்கிக்கொள்ளும். ‘சப்புராஜெக்ட்ஸ்’ பிளாக்கே தேவைப்படாது.

பக்கத்துப் புராஜெக்டின் சோர்ஸ் ஃபோல்டரை ../காமன்/எஸ்ஆர்சி என்று நேரடியாக இழுப்பதும் வேண்டாம். ஒரே கோட் இரண்டு முறை கம்பைல் ஆகும், கோட் எழுதப் பயன்படும் ஐடிஇ அதை எந்த மாட்யூலில் காட்டுவது என்று தடுமாறும். ‘காமன்’ஐ ஒரு புராஜெக்டாக்கி டிபென்டென்சியாகக் கேளுங்கள். எல்லாப் புராஜெக்டின் அவுட்புட்டையும் ஒரே பில்ட் ஃபோல்டரில் கொட்டுவதும் இதே ரகம்: ஒன்றை கிளீன் செய்தால் மற்றதன் ஃபைல்களும் போய்விடும்.

கிட் எதைக் கமிட் செய்யாமல் விட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் ஃபைலில் ‘பில்ட்/’ என்று எழுதினால் எந்த ஆழத்தில் அந்தப் பெயர் இருந்தாலும் பொருந்தும். சோர்ஸுக்குள் ‘பில்ட்’ என்ற பேக்கேஜ் இருந்தால் அது கமிட்டே ஆகாது. உங்கள் மெஷினில் கம்பைல் ஆகும், சிஐயில் ஆகாது. சந்தேகம் வந்தால் கிட்டின் ‘செக்-இக்னோர் -வி’ கட்டளை எந்த வரி மறைக்கிறது என்று காட்டிவிடும். ‘*.ஜார்’ என்ற வரி இருந்தால் கிரேடில் ராப்பர் ஜாருக்கு (சரியான கிரேடில் வெர்ஷனை இறக்கி ஓட்டும் ஃபைல்) அதன் கீழே ஆச்சரியக்குறியுடன் விலக்கு எழுதுங்கள்.

ஃபோல்டர் பெயர்களில் ஆங்கிலச் சிற்றெழுத்து மட்டும் இருக்கட்டும். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஏற்கெனவே பெரிய எழுத்து இருந்தால் ‘கிட் எம்வி’ கொண்டு முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கும், பிறகு சிற்றெழுத்துப் பெயருக்கும் மாற்றி, செட்டிங்ஸ் ஃபைலிலும் அதே வடிவத்தை எழுதுங்கள்.