மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கை

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் (உடம்பு நீரில் வரும் கிருமியை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள்) எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வீங்கலாம். முதலில் காட்டிக்கொடுப்பது வளையலும் ஜாக்கெட் கையும்தான். வழக்கத்துக்கு மாறாக இறுக்கினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நம் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டுக்கோ, கிளுவை வேலி கழிக்கவோ போனால் கையுறை கட்டாயம். கிருமி உள்ளே போகச் சின்ன முள் கீறல் போதும். உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் அடித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

அதற்காகக் கையை அசைக்காமலே உட்கார்ந்துவிடாதீங்க, அம்மணி! தலை வாருவது, கொடியில் துணி காயப்போடுவது எல்லாமே நல்ல பயிற்சி. குடம், அண்டா தூக்குவது பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக.