தோடர் மந்துக்குச் செல்வோர் அறிந்து நடக்க வேண்டியவை

நீலகிரி மலையின் மேட்டுப் புல்வெளிகளில், உதகமண்டலத்தைச் சுற்றிச் சிறு சிறு குடியிருப்புகளாகப் பரவி வாழும் பழங்குடியினரான தோடர்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 2000 மட்டுமே. அவர்களுடைய குடியிருப்பை மந்து என்பார்கள். உதகைக்கு வருகிறவர்களில் பலர், அரைவட்டக் கூரையுடைய குடிசை ஒன்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது வீடா கோயிலா என்று கேட்பதில்லை. மந்துக்குப் போக விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

தோடர்களின் சமயம் எருமையையும் பாலையும் மையமாகக் கொண்டது. ஓன் என்னும் தெய்வம் குந்தா மலையுச்சியில் நின்று பூமியிலிருந்து 1600 எருமைகளை வெளிக்கொணர்ந்தது என்றும், கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவனே முதல் தோடன் என்றும் அவர்களது தொன்மக் கதை சொல்கிறது. மனிதன் எருமைக்குப் பின்னால் வந்தவன் என்ற இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால், மந்தில் எது புனிதம் என்பது தானாகவே விளங்கிவிடும். புனித எருமைகளின் பாலைக் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில். பால் கறப்பதும் கடைவதும் விளக்கேற்றுவதும் அங்கே வழிபாடாகும். அதனால்தான் பாத்திரங்கள், பாதை, நீரெடுக்கும் இடம் ஆகிய அனைத்துக்கும் தூய்மை விதிகள் உண்டு.

கோயிலும் பழைய வீடும் பெரும்பாலும் ஒரே வடிவில், மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்தவையாக இருக்கும். இரண்டிலும் வாசல் மிகத் தாழ்ந்திருப்பதால், முழங்காலிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் கற்சுவர் இருக்கும். முகப்பில் எருமைத் தலை, சூரியன், சந்திரன் ஆகிய உருவங்களையும் காணலாம். இன்று பெரும்பாலான குடும்பங்கள் சாதாரணக் கட்டட வீடுகளில் வாழ்கின்றன. எனவே பழைய வடிவில் எஞ்சி நிற்கும் குடிசை கோயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யாரேனும் வீடுதான் என்று சொல்லும்வரை அதைக் கோயிலாகவே கருதி, சுவருக்கு வெளியே நில்லுங்கள். கோயிலுக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது. தோடப் பெண்களும் நுழைவதில்லை. இதைக் குறித்து அங்கே நின்று வாதம் செய்வது விருந்தினருக்கு அழகல்ல.

மந்துக்குப் போவதற்கு முன் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் அனுமதி பெறுவது நல்லது. சில கிழமைகளை ஒவ்வொரு மந்தும் புனித நாளாகக் காப்பது மரபு. அன்று மந்திலிருந்து பொருளோ பணமோ வெளியே கொடுக்கப்படுவதில்லை. "இன்றைக்கு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால், காரணம் கேட்டு நெருக்காமல் வேறு நாளில் போகலாம். தோடர்கள் மரபுப்படி சைவ உணவினர் என்பதால் இறைச்சியைக் கொண்டு செல்லாதீர்கள். நீண்டு விரிந்த கொம்புகளையுடைய அவர்களது எருமைகள் அந்நியரைக் கண்டால் பாய்ந்துவிடக் கூடியவை. மேய்ச்சலில் இருக்கும் மந்தைக்கு அருகே போகவே வேண்டாம்.

பேச்சிலும் கவனம் தேவை. முற்காலத்தில் சகோதரர்கள் ஒரே பெண்ணை மணந்த வழக்கம் இருந்தது. அது மறைந்து நீண்ட காலமாகிறது. ஆனாலும் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான் என்பது வருத்தத்துக்குரியது. அதைவிட, இன்றும் நடக்கும் வில் அம்புச் சடங்கைப் பற்றிக் கேளுங்கள். பெண் கருவுற்ற ஏழாம் மாதத்தில், மரத்தின் அடியில் குடைந்த சிறு மாடத்தில் விளக்கேற்றி, கணவன் குச்சியாலும் புல்லாலும் செய்த சின்னஞ்சிறு வில்லையும் அம்பையும் அவள் கையில் கொடுக்கிறான். பிறக்கப் போகும் குழந்தைக்குத் தந்தை இன்னார் என்பதை ஊர் அறிய நிலைநாட்டும் செயல் அது. பெரியவர்களிடம் ஆசி பெறுவோர் குனிந்து, அவர்களது பாதத்தைத் தம் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். இதைப் பார்த்து நீங்களும் செய்து காட்ட முயல வேண்டாம், கைகூப்புவது போதும்.

விழாவைக் காண விரும்புவோருக்கு, ஆண்டின் முடிவையொட்டி முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் பண்டிகை ஏற்றது. கூம்பு வடிவிலான மூன்போ கோயிலில் ஆண்கள் வழிபட்ட பின் கைகோத்துப் பாடி ஆடுவார்கள். இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கி வலிமை காட்டுவார்கள். துக்க நிகழ்ச்சி வேறு. இறந்தவர்கள் மேற்கே முக்கூர்த்தி மலையைக் கடந்து மறுவுலகம் சேர்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சடங்குகளுக்கு அழைப்பில்லாமல் போவதும், அங்கே கேமராவை எடுப்பதும் கூடாது.

கடைசியாகப் பூத்தையல். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலையில் பெண்கள் கோடு எதுவும் வரைவதில்லை. வெள்ளைத் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலைக் கோக்கிறார்கள். வாங்கும்போது துணியை விரலால் தடவிப் பாருங்கள்: கைவேலையில் நூல் மேடிட்டுச் சொரசொரப்பாக இருக்கும், அச்சடித்ததில் அது இராது. ஒரு போர்வையை முடிக்க வாரக்கணக்கில் உழைக்க வேண்டும் என்பதால், பேரம் பேசாமல், இடைத்தரகர் இல்லாமல், தைத்தவரிடமே கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.